சொல்லைத் தின்ற ஆடு

துர்ஸாஃபின் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். அந்தப் பக்கம் அவளுடைய முதல் வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடைய இரண்டாம் வகுப்பு. அவள் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த வாரமே நான் தலைவலி மாத்திரை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்துக்கொண்டேன்.

சுவருக்கு அப்பால் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "ப!" என்று வெடிப்பார்கள். பிறகு "பி!". பிறகு "பு!". ஒவ்வொன்றுக்கும் காலால் ஒரு உதை. என் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் போய் எட்டிப் பார்த்தேன். ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, 'ப' என்று வாயைப் பிளந்து, 'பி' என்று பல்லைக் காட்டி, 'பு' என்று உதட்டைக் குவித்துத் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துர்ஸாஃபும் ஒரு கண்ணாடி வைத்திருந்தாள்.

"நஸீஹா அக்கா, சத்தம் அதிகமா இருக்கா?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"சத்தமா? மீன் ஏலம் போடுற எடம் இதவிட அமைதியா இருக்கும்டி."

"அங்க மீன் வாயத் திறக்காதுல்ல, அதான்."

இப்படிப்பட்டவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

கெர்க்கென்னாத் தீவில் பிறந்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் படித்துப் பட்டம் வாங்கி, நகரத்திலேயே வேலை கிடைத்தும் வேண்டாம் என்று தீவுக்குத் திரும்பியவள் அவள். திரும்பியதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காதல் தோல்வி என்றார்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். அவளிடமே கேட்டேன். "அங்க ஒரு வகுப்புல நாப்பது பிள்ளைங்க அக்கா. நாப்பது வாயையும் பாக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

பிள்ளைகளின் வாயைப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு மதிய வேளையில், ரொட்டியை ஹரீஸா மிளகாய் விழுதில் தோய்த்துத் தின்றுகொண்டே சொன்னாள். சின்ன வயதில் அவள் வகுப்பிலேயே முதல் மாணவியாம். புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கம் விடாமல் கடகடவென்று வாசிப்பாளாம். ஆசிரியர் அவளை எழுப்பி நிறுத்தி, மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவாராம்.

"ஆனா எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது அக்கா. மத்தவங்க வாசிக்கிறதக் கேட்டு அப்படியே மனசுல பதிய வெச்சுப்பேன். பக்கத்துல படம் இருக்கும். படத்தப் பாத்ததும் பாட்டு மாதிரி வந்துடும். மறு வருஷம் புதுப் புத்தகத்தக் குடுத்து, முதல் ஆளா என்னத்தான் எழுப்பி விட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வயித்து வலின்னு ஒக்காந்துட்டேன். ஒரு மாசம் வயித்து வலிதான்."

அவளுடைய அப்பா எங்கள் தீவில் பாதிப் பேரைப் போல, கடலடியில் மண்குடுவைகளை இறக்கிவைத்து, எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாய் பிடிப்பவர். அவருடைய படகின் மூக்கில் 'பரகா' என்று பச்சை வண்ணத்தில் எழுதியிருக்கும். ஒரு மாலை அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தபோது, படகின் பெயர்தான் நமக்குத் தெரியுமே என்று அவள் ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ப... ர... கா. விரல் ஒன்று நகர்ந்தால் ஓசையும் ஒன்று நகர்ந்தது. அன்று இருட்டும்வரை கரையில் நின்ற படகுகளின் பெயரையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போயிருக்கிறாள். வயிற்று வலியும் அன்றோடு போய்விட்டது.

ஆகவே அவள் வகுப்பில் யாரும் எதையும் ஒப்பிக்கக் கூடாது. முதலில் ஓசை, பிறகு எழுத்து, பிறகு சொல், சொன்னதும் அதன் பொருள். இவ்வளவும் விளையாட்டாக நடக்கும். எங்கள் அரபு எழுத்துகளில் ஒரே கிண்ண வடிவம் புள்ளியைப் பொறுத்து வேறு வேறாகும். கீழே ஒரு புள்ளி என்றால் 'ப', மேலே ஒன்று என்றால் 'ந', மேலே இரண்டு என்றால் 'த'. பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய கிண்ணம் ஒன்று வரைந்து வைத்திருந்தாள். அவள் "நார்", அதாவது நெருப்பு, என்று கத்தினால் ஒரு பிள்ளை ஓடிப்போய்க் கிண்ணத்துக்கு மேலே உட்கார வேண்டும். "பாப்", அதாவது கதவு, என்றால் எழுந்து கீழே ஓட வேண்டும். இடம் தப்பினால் மற்றவர்கள் "புள்ளி தொலஞ்சு போச்சு!" என்று கூச்சலிடுவார்கள்.

கொஞ்சம் எழுத்துக் கூடியதும் சீட்டு விளையாட்டு வந்தது. ஆளுக்கொரு சீட்டு. வாய்விட்டு வாசிக்கக் கூடாது, அதில் எழுதியிருப்பதைச் செய்து காட்ட வேண்டும். 'சிரி' என்றிருந்தால் சிரிக்க வேண்டும். 'ஜன்னலைத் திற' என்றிருந்தால் திறக்க வேண்டும். விவரம் தெரியாமல் வாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு, டீச்சர் சும்மா உட்கார்ந்திருக்க, ஒரு பிள்ளை காரணமில்லாமல் சிரிக்கிறது, இன்னொன்று மேசைக்கடியில் நுழைகிறது, மூன்றாவது ஒற்றைக் காலில் நிற்கிறது என்றுதான் தெரியும்.

அப்படி நின்று பார்த்தவர்களில் ஒருவர் பூபக்கர். துறைமுகச் சாலையில் காய்கறி, பழக்கடை வைத்திருப்பவர். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது, மனசு மட்டும் நல்லது. அவருக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே மகள் ரிஹாம், துர்ஸாஃபின் வகுப்பில் ஜன்னலோரம் உட்காருவாள். வாயைத் திறக்கமாட்டாள். பேரைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவாள்.

"டீச்சர், பக்கத்து ஊர்ல எங்க அண்ணன் பையன் பாதிப் புத்தகம் தாண்டிட்டான்" என்று ஒருநாள் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார் பூபக்கர். "மூச்சு விடாம ஒப்பிக்கிறான். எம் பொண்ணு என்னடான்னா கண்ணாடி முன்னாடி நின்னு ப, பி, புன்னு மூஞ்சியக் கோணிட்டு நிக்கிறா."

"நிக்கிறாளா? தானாவா?" துர்ஸாஃபின் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் குத்தம் சொல்றேன், நீங்க சந்தோஷப்படுறீங்களே!"

"சந்தோஷமாத்தான் இருக்கு அண்ணே. இங்க அவ ஒரு சத்தமும் போடுறதில்ல."

பூபக்கருக்கு அது மேலும் கோபத்தைக் கிளப்பியது. பள்ளியில் சத்தமே போடாத பிள்ளைக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நேராக ஸ்ஃபாக்ஸ் கல்வி அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசி, முதல் வகுப்பில் பாடமே நடப்பதில்லை என்று புகார் செய்துவிட்டார். கல்வி ஆய்வாளர் நேரில் வருவதாகச் செய்தி வந்தது.

எங்கள் தலைமையாசிரியர் முன்ஸிஃப் பயந்த மனிதர். "ஒரே ஒரு நாளு, துர்ஸாஃப். ஒரு நாளு மட்டும் எல்லாரும் ஒக்காந்து ஒரு பக்கம் வாசிக்கட்டும். அவரு போனதும் நீ கூரை மேல ஏறிக்கூட ஆடிக்கோ" என்று கெஞ்சினார்.

"வாசிப்பாங்க சார். ஆனா ஒக்காந்துட்டு இல்ல."

முந்தின நாள் மாலை அவள் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாக ஆளுக்கொரு சீட்டு கொடுத்தாள். அதில் ஒரே ஒரு சொல். யாரிடமும் காட்டக் கூடாது, தானாக வாசித்து, அந்தப் பொருளை மறுநாள் பையில் ஒளித்துக்கொண்டு வர வேண்டும். அவரவர் வீட்டில் கிடைக்கக்கூடியதாகப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள். மீனவர் மகனுக்குத் தக்கை, தையல்காரி மகளுக்குப் பொத்தான், தோட்டத்து வீட்டு ஜாஸிருக்கு ஈச்ச ஓலை. ரிஹாம் பழக்கடைக்காரர் மகள். அவளுக்கு வாழைப்பழம்.

மறுநாள் காற்று பலமாக அடித்தது. ஃபெர்ரியில் வந்து இறங்கிய ஆய்வாளரின் முகம் பச்சை நிறத்தில் இருந்தது. உயரமான, மெலிந்த மனிதர். வந்ததும் அவர் கேட்டது வருகைப் பதிவேடு அல்ல, எலுமிச்சம்பழம். அதை முகர்ந்துகொண்டே முதல் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய்ச் சரிந்து உட்கார்ந்தார். நான் என் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரில் காதை வைப்பதும் வெளியே போய் அவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன்.

எல்லாம் ஒழுங்காகவே போனது. ஒவ்வொரு பிள்ளையாக வந்து பைக்குள் கையை விட்டுப் பொருளைத் தடவி, அதன் ஓசைகளைப் பிரித்துப் பிரித்துச் சொன்னது. மற்றவர்கள் ஓசைகளைக் கூட்டிச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் பொருள் வெளியே வந்தது. ஜாஸிர் தன் ஓலையைக் கொடி போலப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னலோர இடம் மட்டும் காலியாக இருந்தது.

அப்போதுதான் முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது. "ம்ம்மே..."

வகுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே வந்தவை இரண்டு கொம்புகள். பின்னாலேயே ஒரு கறுப்பு வெள்ளாடு. அதன் கழுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரிஹாம். தலைமுடி கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு, மூச்சு வாங்க நின்றாள்.

"கொண்டு வந்துட்டேன் டீச்சர்" என்றாள்.

அந்த வகுப்பில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. நான் என் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். என் பிள்ளைகள் எனக்கு முன்னால் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டுக்குப் பின்னால் கடை ஏப்ரனோடு பூபக்கர் வந்து சேர்ந்தார். "இங்கதான் இருக்கியா! ஆட்டக் காணோம்னு உங்க அத்த தெருவையே கூட்டிட்டு நிக்கிறா! பாருங்க சார், பாருங்க! நான் புகார் குடுத்தது சரியா தப்பா? எழுத்துச் சொல்லிக்குடுங்கடான்னா ஆடு திருடச் சொல்லிக்குடுத்திருக்காங்க!"

ஆய்வாளரின் பக்கத்தில் நின்ற முன்ஸிஃப் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆய்வாளர் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தார்.

"டீச்சர், இந்த ஆடு பாடத்திட்டத்துல எங்க வருது?"

"தெரியல சார். பாத்துச் சொல்றேன்" என்றாள் துர்ஸாஃப். ரிஹாமுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "சீட்டு எங்கம்மா?"

ரிஹாம் சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினாள்.

எங்கள் மொழியில் புத்தக வழக்கில் வாழைப்பழத்துக்கு 'மவ்ஸா' என்று பெயர். வெள்ளாட்டுக்கு 'மஅஸா'. எழுதும்போது நடுவில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். தொண்டையை இறுக்கி எழுப்பும் அந்த 'அ'வை அவர்கள் போன வாரம்தான் படித்திருந்தார்கள். புதிதாகப் படித்த எழுத்து, புதுச் செருப்பு மாதிரி. போகும் இடமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு போகத் தோன்றும்.

"படிச்சுக் காட்டு பாப்போம்."

"மஅஸா" என்றாள் ரிஹாம் திடமாக.

"அடியே, அது..." என்று ஆரம்பித்த பூபக்கரைத் துர்ஸாஃப் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தாள். "அண்ணே, சொல்லிடாதீங்க. ஒரே நிமிஷம்."

எழுந்துபோய்க் கரும்பலகையில் இரண்டு சொற்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெரிதாக எழுதினாள். எது எது என்று சொல்லவில்லை. "உன் சீட்டுல இருக்கிறது இதுல எது?"

ரிஹாம் ஆட்டுக் கயிற்றை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவரும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டார். சீட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் சொல்லின் கீழே விரலை வைத்தாள். விரல் நடுவுக்கு வந்ததும் நின்றது. உதடு குவிந்தது.

"ம... வ்... ஸா." பிறகு சேர்த்து, "மவ்ஸா."

வகுப்பு கைதட்டியது. ரிஹாம் மட்டும் சந்தோஷப்படவில்லை. திரும்பிப் பார்த்து, "மவ்ஸான்னா என்ன டீச்சர்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீடுகளில் யாரும் வாழைப்பழத்தை மவ்ஸா என்று சொல்வதில்லை. 'பனான்' என்றுதான் சொல்வோம். வீட்டில் பேசுகிற சொல் ஒன்று, புத்தகத்தில் நிற்கிற சொல் ஒன்று. பெரியவர்களாகிய நாங்கள் இரண்டுக்கும் நடுவே நினைவில்லாமல் போய்வந்துகொண்டிருக்கிறோம். அந்தப் பெண் தனக்குத் தெரியாத ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் பொருள் தேடி, ஓர் எழுத்தை மாற்றிவைத்தால் தெரிந்த சொல் கிடைக்கிறது என்று அத்தை வீட்டுத் தொழுவத்துக்குப் போயிருக்கிறாள்.

"பனான், ரிஹாம். மவ்ஸான்னா பனான்."

"அப்ப ஏன் பனான்னு எழுதல? அப்பா கடையில அப்படித்தான எழுதியிருக்கு?"

பூபக்கர் சட்டென்று திரும்பினார். "என்னடி சொன்ன?"

"கடைப் பலகையில. பனான். அதுக்குப் பக்கத்துல பஸல். கீழ பதாதா." பஸல் என்றால் வெங்காயம், பதாதா என்றால் உருளைக்கிழங்கு. ரிஹாம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "பதாதாவுக்குக் கீழ புள்ளி இல்லப்பா. அழிஞ்சு போச்சா, நீங்க வைக்கலியா?"

ஆய்வாளரின் தொண்டையிலிருந்து ஒரு விசித்திரமான ஓசை வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வைக்கலம்மா" என்றார் பூபக்கர். அவர் குரல் அவ்வளவு சின்னதாகவும் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. "யாரு உனக்கு அதப் படிச்சுக் காட்டினது?"

"யாரும் இல்ல. காய்தான் அதுக்கு நேர் கீழயே இருக்கே. பாத்தா தெரியாதா?"

அவர் பக்கத்திலிருந்த பிள்ளைகளின் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கயிறு தளர்ந்தது. ஆடு இதற்காகவே காத்திருந்ததுபோல இரண்டடி முன்னால் வைத்தது.

"டீச்சர்!" ஜாஸிர் வீறிட்டான். "என் சொல்ல ஆடு தின்னுடுச்சு!"

ஈச்ச ஓலையில் பாதிதான் மிச்சம் இருந்தது. ஆய்வாளர் அதற்குமேல் தாங்கவில்லை. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பச்சை நிறம் போய் மனிதக் களை வந்திருந்தது.

பிறகு தலைமையாசிரியர் அறையில் காபி குடித்தபோது ஆய்வாளர் துர்ஸாஃபிடம் சொன்னதை நானும் கேட்டேன். "ஒரு எழுத்து தப்பு. அது பிள்ளையோட தப்பு, சரியாயிடும். தெரியாத சொல்லக் குடுத்து அனுப்பினது உங்க தப்பு."

"ஆமா சார்" என்றாள் அவள் உடனே. "அது நான் யோசிக்கல."

"ஆனா ஒண்ணு. எத்தனையோ வகுப்புல எத்தனையோ பிள்ளைங்க எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்காங்க. வாசிச்ச சொல்ல நம்பி எந்திரிச்சுப் போன பிள்ளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்." புகாரைப் பற்றி அவர் பேசவே இல்லை. போகும்போது இன்னொரு எலுமிச்சம்பழம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு துர்ஸாஃப் வகுப்பில் ஒரு புது விளையாட்டு வந்தது. 'இரட்டைப் பிள்ளைகள்' என்று பெயர். ஒரு பிள்ளைக்கு வீட்டுச் சொல், இன்னொரு பிள்ளைக்குப் புத்தகச் சொல். கூட்டத்தில் தேடித் தன் இரட்டையைக் கண்டுபிடித்துக் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். சீட்டில் தெரியாத சொல் வந்தால், "இது யாரோட இரட்டை டீச்சர்?" என்று கேட்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

பூபக்கர் மறுநாளே பதாதாவுக்குப் புள்ளி வைத்தார். அத்தோடு நின்றாரா? பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைக் கடை வாசலில் நிறுத்தி, "எங்க, இன்னிக்கு எங்க தப்புன்னு சொல்லு பாப்போம்" என்று சவால் விடத் தொடங்கினார். கண்டுபிடித்தால் ஒரு பேரீச்சம்பழம். அவர் வேண்டுமென்றே தப்பாக எழுதுகிறார், பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்கள் அப்படியே காய் வாங்கிப் போகிறார்கள் என்று எதிர்க்கடைக்காரர் புலம்பினார். அதைச் சொல்லிக் கேட்டால் பூபக்கர், "எனக்கு எழுத்துல கொஞ்சம் தடுமாத்தம், வயசாகுதில்ல" என்று சிரித்துவிடுவார்.

துர்ஸாஃபை ஸ்ஃபாக்ஸுக்கு வந்து மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி கூப்பிட்டார்கள். விடுமுறையில் இரண்டு முறை போனாள். அங்கேயே தங்கிவிடச் சொன்னபோது மறுத்துவிட்டாள். இந்த வருஷம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை எங்கள் தீவின் மருந்துக்கடைக்காரர். "அவரு கையெழுத்த என்னாலயே படிக்க முடியல அக்கா, அதான் ஒரு பிடிப்பு வந்துடுச்சு" என்கிறாள்.

அவள் பிள்ளைகள் வருஷம் முடிந்தால் என் வகுப்புக்குத்தானே வந்தாக வேண்டும்? ரிஹாம் கூட்டம் வந்து சேர்ந்த முதல் வாரம் ஒரு பாடம் எடுத்தேன். 'விவசாயி காலையில் மகிழ்ச்சியாக விழித்தார்' என்று தொடங்கும். பத்து வருஷமாக நான் நடத்துகிற பாடம். முதல் வரியை வாசித்து முடிப்பதற்குள் ரிஹாம் கையைத் தூக்கினாள்.

"ஏன் மகிழ்ச்சி டீச்சர்?"

"அது பாடத்துல போடல."

"அப்ப நாமதான் கண்டுபிடிக்கணுமா?"

நான் பதில் சொல்வதற்குள் வகுப்பு கிளம்பிவிட்டது. மழை பெய்திருக்கும் என்றது ஒன்று. வயலில் புதையல் கிடைத்திருக்கும் என்றது இன்னொன்று. "அவரு பொண்டாட்டி அவங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பா. எங்கப்பா அப்பதான் சிரிச்சுக்கிட்டே எந்திரிப்பாரு" என்றான் ஜாஸிர். படத்தில் விவசாயியின் மனைவி பின்னாலேயே நிற்கிறாள், ஆகவே அது முடியாது என்று ரிஹாம் மறுத்தாள். படத்தில் வானம் எப்படியிருக்கிறது, தரை ஈரமா என்று எல்லாரும் புத்தகத்துக்குள் மூக்கை நுழைத்தார்கள். நானும் என் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். வரப்பில் தண்ணீர் தேங்கியிருந்தது. மழைதான் என்று முடிவாயிற்று. இரண்டாவது வரிக்கு நாங்கள் அன்று போகவே இல்லை.

மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது இதைத் துர்ஸாஃபிடம் சொன்னேன்.

"மழையா?" அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யோசித்தாள். "ஆனா அறுவடை நேரமா இருந்தா? அப்ப மழ பேஞ்சா மகிழ்ச்சியா எந்திரிப்பாரா அக்கா?"

நாளைக்குப் பிள்ளைகளிடம் கேட்கிறேன் என்றேன்.